பலகை எடுக்கும் நாள்

கீழ் லயம், வித்துரா வழி
12.1.2025

அண்ணனுக்கு,

கலைச்செல்வி எழுதுகிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று நாலு வரி எழுது. போனில் பேசலாம்தான். ஆனால் ரேஞ்சு கிடைப்பது மேல் லயத்துப் பாறையில் மட்டும். அங்கே நின்றால் கொழுந்து கிள்ளப் போகிற அத்தனை பேரும் கூடவே நின்று கேட்கிறார்கள். போன தடவை நீ சாப்பிட்டாயா என்று கேட்டதற்குப் பொன்னம்மை அக்கா பதில் சொன்னாள். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். ஆற்றுமீன் சமிதியிலிருந்து சத்தியதாஸ் சார் வந்திருந்தார். நீ விட்டுப் போன தடுப்பணைக் காவல் வேலையை எனக்குத் தருகிறார்களாம். "மோளே, சமிதிக்கு ஒன்னை மறக்க பற்றுல்லா, கேட்டோ. லிங்கராஜ் போன இடத்துல நீ கேறிக்கோ" என்றார். என் வீட்டுக்காரர் செத்து ஏழு மாதம் ஆகிறது. ஏழு மாதம் மறந்திருந்தவர்களுக்கு இப்போது ஞாபகம் வந்ததற்குக் காரணம், அந்த வேலைக்கு வேறு யாரும் வரவில்லை என்பதுதான். பிள்ளைகுட்டி இல்லாதவள், பொழுது போகும் என்றும் பேசிக்கொண்டார்களாம். என் பொழுதைப் பற்றி ஒரு மீட்டிங்கே நடந்திருக்கிறது.

எனக்கு வேலை பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான். மழை முடிந்ததும் அணையின் ஐந்து கண்ணிலும் பலகை போட்டுத் தண்ணீரை நிறுத்துவது. கீழே டவுனுக்கு அதிலிருந்துதான் பம்பு ஓடுகிறது. பிறகு மே கடைசியில் பலகையை எடுப்பது. எடுக்காவிட்டால் முதல் மழையில் ஊத்தா ஏறி வரும் மீன் முட்டையும் கையுமாய் அணைக்குக் கீழேயே நின்று சாகும். ஏறி வரும் மீனை யாரும் பிடிக்காமல் காவல் பார்ப்பதும் உண்டு. இந்த மூன்றும்தானே வேலை? வேறு என்ன இருக்கிறது என்று எழுது. போன வருடம் நீ போய்ச் சேருமுன்பே மலைவெள்ளம் பலகையை உடைத்துவிட்டது என்று போலீசில் சொன்னாய். அந்த மாதிரி வந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுது.

அம்மா உன்னை நினைத்துக்கொண்டே இருக்கிறாள்.

கலைச்செல்வி


விழிஞ்ஞம்
30.1.2025

தங்கை கலைச்செல்விக்கு லிங்கராஜ் எழுதுவது.

உன் கடிதம் பதினெட்டாம் தேதியே கிடைத்துவிட்டது. வேலை முடிந்து வந்தால் எழுதக் கை வருவதில்லை. கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிறேன். ரூமில் எட்டுப் பேர். நாலு பேர் நம் ஊர்ப்பக்கம், சங்கரன்கோவில். மற்ற நாலு பேர் பேசும் பாஷை புரிவதில்லை. சாப்பாட்டுக்குக் குறை இல்லை. உப்புக் காற்று எனக்குப் பழகிவிட்டது. அம்மாவை அந்தத் தைலத்தை விடாமல் தேய்க்கச் சொல்.

அந்த வேலை உனக்கு வேண்டாம். அங்கே குளிர் அதிகம். தண்ணீரில் நின்றே ஆக வேண்டும். தம்பானூரில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்ய ஆள் கேட்கிறார்கள். தங்க இடமும் உண்டு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். நான் பேசி வைத்திருக்கிறேன். சம்மதம் என்றால் ஒரு கார்டு போடு, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்கிறேன்.

வேறு ஒன்றும் எழுதுவதற்கு இல்லை.

லிங்கராஜ்


கீழ் லயம்
11.2.2025

அண்ணனுக்கு,

இங்கே இரண்டு பேரும் இருக்கிறபடியே இருக்கிறோம். தைலம் தீர்ந்துவிட்டது.

குளிர் என்று எழுதியிருக்கிறாய். இருபத்தாறு வருடமாய் இந்தக் குளிரில்தான் இருக்கிறேன், நீ மறந்துவிட்டாய் போல. வேலையில் சேர்ந்துவிட்டேன். ஒன்றாம் தேதி சமிதி ஆபீசில் கையெழுத்துப் போட்டேன். பச்சை மழைக்கோட்டு ஒன்று தந்தார்கள், தலையையும் மூடுகிற மாதிரி. முதுகில் ஆற்றுக்காவல் என்று மலையாளத்தில் எழுதியிருக்கிறது. எனக்கு முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. உனக்குக் கொடுத்ததும் இதே அளவுதான், போன வருடம் மே முப்பத்தொன்றாம் தேதிதான் முதன்முதல் கொடுத்தோம் என்றார் சார். அப்படியென்றால் என் வீட்டுக்காரர் சாவதற்கு இரண்டு நாள் முன்னால். நான் உன்னை அந்தக் கோட்டில் பார்க்கவே இல்லை.

நீது என்று ஒரு பெண் காலேஜிலிருந்து வாரம் ஒரு நாள் வருகிறாள். அணைக்குக் கீழே மடுவில் நிற்கிற குயில் மீன்களை எண்ணுகிறாள். ஒன்றொன்றும் என் கை நீளம். இந்த மீன் கல்லும் ஓட்டமும் உள்ள மேல்தண்ணீரில் மட்டும்தான் முட்டை போடுமாம். முதல் மழையில் ஆறு கலங்கியதும் ஏறும். அன்றைக்கு வழி இல்லையென்றால் அந்த வருடம் குஞ்சு இல்லை. இதை அவள் மலையாளத்தில் மெதுவாக, எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துச் சொன்னாள். ஊத்தா அன்றைக்கு மீன் எந்தக் கல்லில் ஒதுங்கும், எத்தனை மணிக்கு ஏறும் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது. அவர் பிடித்து வந்த முட்டையை வறுத்து நானும் தின்றிருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கேட்டேன். நம் அணைக்கு மேலே இரண்டு கிலோமீட்டரில் ரிசார்ட்டுக்காரன் குளிப்பதற்கென்று ஆற்றுக்குக் குறுக்கே கான்கிரீட் மதில் கட்டியிருக்கிறானே, அதில் பலகையும் இல்லை, கண்ணும் இல்லை, மீன் அதை எப்படித் தாண்டும் என்று கேட்டேன். தாண்டாது என்றாள். சமிதி போர்டில் மீன் பிடித்தால் ஆறு மாதம் ஜெயில் என்று எழுதியிருக்கிறது. மதில் கட்டினால் எத்தனை மாதம் என்று எழுதவில்லை.

பலகை எடுப்பது எப்படி என்று விவரமாக எழுது. சாருக்குத் தெரியவில்லை. அவர் மீட்டிங் மட்டும்தான் நடத்துகிறார்.

கலைச்செல்வி


விழிஞ்ஞம்
3.3.2025

கலைக்கு,

நான் சுகம். இடது கைப் பெருவிரலில் கம்பி குத்திப் பழுத்திருந்தது, ஆறிவிட்டது. அம்மாவின் தைலம் வாங்கி நம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து விட்டிருக்கிறேன்.

சேர்ந்துவிட்டாய், இனிச் சொல்லி என்ன. பலகை எடுப்பது இப்படி.

ஒவ்வொரு கண்ணிலும் ஏழு பலகை, ஒன்றின் மேல் ஒன்றாக, தூணில் வெட்டிய காடியில் நிற்கும். இரண்டு வரிசைப் பலகை, நடுவில் களிமண். முதலில் கீழே இறங்கிப் பார். பிறகு மண்வெட்டியால் களிமண்ணை வழித்து எடு. நடுக்கண்ணில் தொடங்க வேண்டும். மேல் பலகையைக் கடப்பாரையால் நெம்பி இரண்டு பக்கமும் சமமாகத் தூக்கு. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் காடியில் சிக்கிக்கொள்ளும். ஒரு பலகை எடுத்ததும் கால் மணி நேரம் பொறுத்து அடுத்ததை எடு. தண்ணீர் மெதுவாக இறங்க வேண்டும். ஒரு கண் முடிந்து அடுத்த கண்ணுக்குப் போகும்போது மறுபடியும் கீழே இறங்கிப் பார். மழை பெய்துகொண்டிருந்தாலும் இறங்கிப் பார். யாரும் இல்லை என்று உனக்குத் தெரிந்தாலும் இறங்கிப் பார். ஐந்து கண்ணுக்கும் ஒரு முழுப் பகல் ஆகும். அவசரப்படாதே. பலகையை நிழலில் அடுக்கு, வெயிலில் போட்டால் பிளக்கும்.

இவ்வளவுதான்.

லிங்கராஜ்


கீழ் லயம்
24.3.2025

அண்ணனுக்கு,

தைலம் வந்தது. அம்மா தேய்த்துக்கொண்டு, பிள்ளை அனுப்பியது என்று பக்கத்து லயத்துக்கெல்லாம் மணக்க மணக்க நடக்கிறாள். எனக்குச் சளி, அது போய்விடும்.

நீ எழுதியதைச் சத்தியதாஸ் சாரிடம் படித்துக் காட்டினேன். சிரித்தார். கீழே இறங்குவதா, யாரும் இறங்குவதில்லை, மேலே நடைபாலத்தில் நின்று ஒரு தடவை பார்ப்போம், அவ்வளவுதான் என்றார். உன் அண்ணனும் அப்படித்தான் செய்வான் என்றார். நான்கு வருடம் நீயும் மேலிருந்துதான் பார்த்தாயா? அப்படியென்றால் எனக்கு மட்டும் எதற்கு நாலு தடவை இறங்கிப் பார் என்று எழுதினாய்?

இன்னொன்று. இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கினால் நம் லயத்து ஆட்களே ஒளிகிறார்கள். போன வாரம் பொன்னம்மை அக்காவின் வீட்டுக்காரர் தூண்டிலோடு நின்றார். என்னைக் கண்டதும் நாணல் புதரில் போய் உட்கார்ந்துகொண்டார். தலை தெரிகிறது, வழுக்கை. "மாமா, நாந்தான், கலை" என்றேன். எழுந்து வந்து, "ஏளா, நீயா, உடுப்பப் பாத்து உசுரு போயிட்டுதே" என்று என்னையே திட்டினார். போன வருடத்துக்கு முன்னால் நம் ஆட்கள் ஆற்றில் யாரைப் பார்த்தும் ஒளிந்ததில்லை. ஜெயில் என்று போர்டு வைத்த பிறகு, மழைக்கோட்டு என்றால் ஓட்டம்தான். ரிசார்ட்டுக்கு வருகிறவர்கள் கரையில் அடுப்பு மூட்டி மீன் சுட்டுத் தின்கிறார்கள். அவர்கள் ஓடுவதில்லை. எனக்குக் கை காட்டுகிறார்கள்.

கேட்டதற்குப் பதில் எழுது.

கலைச்செல்வி


கீழ் லயம்
28.4.2025

அண்ணனுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்பு சரியில்லையா என்று அம்மா கேட்கிறாள். பாறையில் ஏறிப் போன் செய்தால் நீ எடுக்கவில்லை. உயிரோடு இருப்பதாகச் சங்கரன்கோவில் பையன் சொன்னான். சரி.

நான் கீழே இறங்கிப் பார்த்தேன். கோடையில் அணைக்குக் கீழே தண்ணீர் கணுக்கால் அளவுதான். பாலத்துக்கு அடியில், தூணுக்கும் தூணுக்கும் நடுவில், பலகைக்கு முன்னால் ஒரு ஆள் குத்தவைக்க இடம் இருக்கிறது. நாலாவது கண்ணில் போய் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் பலகை, அதற்குப் பின்னால் ஆள் உயரத் தண்ணீர். பலகை கசிந்து முதுகு நனைந்தது. நீதுவை மேலே நிறுத்தி, நான் தெரிகிறேனா என்று கேட்டேன். இல்லை என்றாள். எத்தனை எட்டிப் பார்த்தாலும் தெரியவில்லை. ஆனால் எதிரே இருக்கிற தட்டைப் பாறையும் அதில் நான் கழற்றி வைத்த கோட்டும் நன்றாகத் தெரிகிறது என்றாள்.

நாலாவது கண்ணில் மட்டும் பலகை புதிது. மற்ற நாலும் பழைய பலகைதான். மலைவெள்ளம் வந்தால் நாலாவது கண்ணை மட்டும் தேடிப் போய் உடைக்குமா என்று நீது கேட்டாள். அந்த வெள்ளத்தில் செத்தது என் வீட்டுக்காரர் என்று அவளுக்குத் தெரியாது. கணக்காகத்தான் கேட்டாள்.

நேற்று அடுக்களை மூலையில் அவருடைய வலையைப் பார்த்தேன், சாக்குப் பையில் சுருட்டி வைத்தது. இது எப்போது வீட்டுக்கு வந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். அன்றைக்குக் காலையில் லிங்கு கொண்டுவந்து போட்டான் என்றாள். எத்தனை மணிக்கு என்று கேட்டதும் இருமத் தொடங்கினாள்.

அவரை ஆற்றிலிருந்து பத்து மணிக்குத்தான் எடுத்தார்கள். நான் கரையிலேயே இருந்தேன். நீ அங்கிருந்து எங்கேயும் போகவில்லை.

கலைச்செல்வி


விழிஞ்ஞம்
8.5.2025

கலைக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை. காய்ச்சல் வந்து போனது. அம்மா கவலைப்பட வேண்டாம்.

நாலாவது கண்ணின் பழைய பலகை உடைந்துபோனது.

முன்னால் எழுத விட்டுப்போன ஒன்று. பலகையை இறுக்கிப் பிடிக்கக் காடியின் ஓரத்தில் மர ஆப்பு இருக்கும். தண்ணீர் ஏறி அழுத்தும்போது பலகையை ஒவ்வொன்றாக எடுப்பது கஷ்டம். அப்போது ஆப்பைத் தட்டிவிட்டால் ஏழு பலகையும் ஒரே அடியில் போய்விடும், வேலை மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். அதைச் செய்யாதே. எவ்வளவு அவசரமானாலும் செய்யாதே.

மழை சீக்கிரம் வரும் என்று இங்கே மீன்பிடிக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

லிங்கராஜ்


கீழ் லயம்
27.5.2025

அண்ணனுக்கு,

அம்மா நலம். நானும்.

நீ சொன்னபடி மழை முந்திக்கொண்டது. இருபத்துமூன்றாம் தேதி மத்தியானம் பிடித்தது, விடவில்லை. பலகை எடுக்க ஆர்டர் வேண்டும். ஆர்டர் போட மீட்டிங் வேண்டும். மீட்டிங் ஜூன் இரண்டாம் தேதி. சாரிடம் போய்ச் சொன்னேன். "மழைக்குத் தெரியாதல்லோ மீட்டிங் எப்பன்னு" என்று சிரித்துவிட்டு, ஒரு வாரம் பொறு என்றார். பம்பு ஆபீசிலும் ஒப்புக்கொள்ள வேண்டுமாம்.

இருபத்துநாலாம் தேதி காலை ஏழு மணிக்கு ஆறு சிவப்பாக வந்தது. மீன் வந்துவிட்டது. நான் இதுவரை மேலிருந்து பார்த்ததில்லை. ஒன்று குதித்துப் பலகையில் அடிபட்டு விழுகிறது, அதன்மேல் இன்னொன்று. வயிறு வெடிக்கிற மாதிரி முட்டை. மரப்பலகையில் சதை அடிக்கிற சத்தம். அழகாக ஒன்றும் இல்லை.

மீனுக்குப் பின்னால் ஆட்களும் வந்திருந்தார்கள். நான் கோட்டோடு பாலத்தில் ஏறியதும் ஒருவரும் இல்லை. தட்டைப் பாறையில் இரண்டு கூடையும் ஒரு வலையும் மட்டும் கிடந்தன. நான் கீழே இறங்கவில்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை. எந்தக் கூடை யார் வீட்டுக் கூடை என்று எனக்குத் தெரியும். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, மழையில் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "செல்வகணேஷ் அண்ணே, மாமா, பிஜி, வெளிய வாங்க. நான் யாரு பேரையும் எழுதல. பலகை எடுக்கப் போறேன்." ஒவ்வொருவராக வந்தார்கள். மூன்று பேர் மூன்று கண்ணிலிருந்து. செல்வகணேஷ் அண்ணன் நாலாவது கண்ணிலிருந்து வந்தார்.

கரையில் ஏறச் சொன்னேன். ஏறியவர்கள் சும்மா நிற்கவில்லை, கடப்பாரையை வாங்கிக்கொண்டார்கள். நீ எழுதிய மாதிரியே மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தோம். சாயங்காலம் நாலு மணி ஆயிற்று. ஆர்டர் இல்லாமல் எடுத்ததற்கு மறுநாள் எனக்கு மெமோ வந்தது. டவுனில் இரண்டு நாள் குழாயில் கலங்கல் வந்ததாம். மீன் மேலே போய்விட்டது. ஒரு மீனையும் அவர்கள் பிடிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு பிடித்தார்கள். எழுதவில்லை.

இப்போது நேராகக் கேட்கிறேன். அவருடைய வலையில் மிதப்புக்கு நீலச் செருப்பை வட்டமாக நறுக்கிக் கட்டியிருப்பார். இந்த ஆற்றில் அப்படி வலை வேறு யாரிடமும் கிடையாது. நடைபாலத்தில் நின்றால் அந்தப் பாறை தெரியும். நீ பாலத்தில் நின்றாய். வலையைப் பார்த்தாய். யாருடையது என்று தெரிந்தது. பிறகு என்ன செய்தாய்?

எனக்கு மட்டும் எழுதிப் பிரயோஜனம் இல்லை. சமிதிக்கு எழுது. ஜூலையில் விதி திருத்தப் போகிறார்கள். பலகை எடுக்குமுன் கீழே ஆள் இறங்கிக் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். எதற்கு, இதுவரை அப்படி ஒரு விபத்து நடக்கவில்லையே என்றார் சார். கடதாசியில் பார்த்தால் அவர் சொல்வது சரி. மலைவெள்ளம் என்றுதான் இருக்கிறது.

அடுத்த வருடம் இந்தக் கோட்டை வேறு யாராவது போடுவார்கள்.

கலைச்செல்வி


விழிஞ்ஞம்
22.6.2025

கலைக்கு,

சமிதிக்கு எழுதியதன் நகல் இதனுடன். அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும். நான்தான் சொல்லக் கூடாது என்றேன். அவளை ஒன்றும் கேட்காதே.

லிங்கராஜ்

*

அனுப்புநர்: மா. லிங்கராஜ், முன்னாள் தடுப்பணைக் காவலர்.
பெறுநர்: செயலாளர், ஆற்றுமீன் பாதுகாப்புச் சமிதி.
பொருள்: 2.6.2024 அன்று காலை நாலாவது கண் பலகை போனது பற்றி.

ஐயா,

1.6.2024 அன்று நடந்த மீட்டிங்கில், ஊத்தா பிடிப்பவர்கள் எல்லாம் உன் சொந்தக்காரர்கள், பிறகு நீ என்ன காவல் பார்க்கிறாய் என்று தாங்கள் என்னை எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். அன்று மாலை என் தங்கை கணவர் சுப்புவிடம், நாளைக்கு ஆற்றுப் பக்கம் வராதே என்று சொன்னேன். அவர் சிரித்தார். இதை மற்றவர்மேல் பழி போட எழுதவில்லை. நான் கோபமாக இருந்தேன் என்பதற்காக எழுதுகிறேன்.

2.6.2024 காலை ஆறே முக்காலுக்கு அணைக்குப் போனேன். பலகை அப்போது உடையவில்லை. ஐந்து கண்ணும் சரியாக இருந்தன. மழை பெய்தது. நான் கோட்டுப் போட்டுத் தலையையும் மூடியிருந்தேன். கீழே யாரும் தெரியவில்லை. பாறையில் சாக்குப் பை இருந்தது. பையின் வாயில் நீல மிதப்புத் தெரிந்தது. அது சுப்புவின் வலை என்று எனக்குத் தெரியும். என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணுக்குள் ஒளிந்திருக்கிறார் என்றும் தெரியும். எந்தக் கண் என்று தெரியாது. கோட்டில் இருப்பது நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். தண்ணீர் விட்டால் நனைந்து ஓடி வருவார், ஒரு குளி குளிக்கட்டும், கரைக்கு வருபவர்கள் பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு பலகையாக எடுத்தால் அதற்குள் நழுவிவிடுவார் என்று நாலாவது கண்ணின் ஆப்பைத் தட்டினேன். ஏழு பலகையும் ஒன்றாகப் போயின.

யாரும் ஓடி வரவில்லை. சத்தமும் கேட்கவில்லை. வேறு வழியாகப் போய்விட்டார் என்று நினைத்தேன். வலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வந்து கேட்டால் கொடுக்கலாம் என்று இருந்தேன். வலை சுருட்டியபடியே இருந்தது. அவர் அன்று அதை விரிக்கவே இல்லை. எட்டரை மணிக்கு என் தங்கை, அவரைக் காணவில்லை என்று வந்தபோது மறுபடி ஆற்றுக்குப் போனேன். மலைவெள்ளம் என்று போலீசில் சொன்னது பொய்.

பலகை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழே இறங்கி ஐந்து கண்ணையும் பார்த்து, கூப்பிட்டு, ஆள் இல்லை என்று சொன்ன பிறகுதான் மேலே இருப்பவர் கை வைக்க வேண்டும். ஆப்பைத் தட்டுவது கூடாது என்று எழுத வேண்டும். கோட்டுப் போட்டவர் பலகை எடுக்கக் கூடாது.

இது நானே எழுதியது.

மா. லிங்கராஜ்
நகல்: சு. கலைச்செல்வி


கீழ் லயம்
16.7.2025

அண்ணனுக்கு,

அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. இப்போது சாப்பிடுகிறாள். நான் அவளை ஒன்றும் கேட்கவில்லை. ஒரே அடுப்பில் இரண்டு பேரும் பொங்கித் தின்கிறோம். உன் விரல் பழையபடி ஆகிவிட்டதா?

உன் கடிதம் தமிழில் இருந்ததால் மீட்டிங்கில் என்னையே படிக்கச் சொன்னார்கள். மலையாளத்தில் சொல்லிச் சொல்லிப் படித்தேன். முதல் பத்தி வந்ததும் சத்தியதாஸ் சார் நிறுத்தச் சொன்னார். "இது இப்ப எதுக்கா மோளே? கேஸ் குளோஸ் ஆயி. அவனையும் நீ களையணுமா?" என்றார். நான் நிறுத்தவில்லை. நீது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது தெரியும், யார் என்று.

விதி பாஸாகிவிட்டது. இரண்டு பேர், கீழே இறங்கிப் பார்ப்பது, கூப்பிடுவது, ஆப்பு, எல்லாம் இருக்கிறது. கோட்டைப் பற்றி மட்டும் எழுதவில்லை, அது யூனிஃபார்மாம். ஆறு கலங்கினால் ஆர்டருக்குக் காத்திருக்காமல் எடுக்கலாம் என்றும் சேர்த்தார்கள். என் மெமோவை வாபஸ் வாங்கவில்லை. மீன் மதிலுக்குக் கீழே நிற்கிறது. போன வாரம் நீதுவோடு போய் எண்ணினேன், நாற்பத்தொன்று. பாதி முட்டையை அங்கேயே மணலில் விட்டுவிட்டன. அது பொரிக்காது. மதில் விஷயம் அஜண்டாவில் ஏழாவதாக இருந்தது, ஆறு முடிந்ததும் சாயா வந்தது, எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அடுத்த மீட்டிங்கில் நான் அதை முதலாவதாக எழுதச் சொல்வேன். எழுதாவிட்டால் படிக்கத் தொடங்குவேன். அவர்களுக்கு இப்போது நான் படிப்பது என்றால் பயம்.

நீ எனக்குப் பொய் சொன்னதைவிட, அன்றைக்குக் கரையில் என் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் நின்று, வெயில் வந்தால் தண்ணீர் இறங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அதுதான் நினைவில் இருக்கிறது. வேறு ஒன்றும் வரவில்லை. அழுகை வரும் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சமிதி மினிட்ஸைப் பார்த்தார்களாம். உன் விலாசம் கேட்டார்கள். அம்மா அடுக்களையிலிருந்து, தெரியாதுன்னு சொல்லு என்று கையைக் காட்டினாள். நான் உன் கடித உறையைப் பார்த்து, கட்டடத்தின் பெயர், ரூம் நம்பர், பின்கோடு வரை எழுதிக் கொடுத்தேன். ஓர் எழுத்தைக்கூட அடித்துத் திருத்தவில்லை. எனக்கே அது பிடிக்கவில்லை.

கலைச்செல்வி